மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எந்த வரியில் இருக்கிறது என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயமானது?

நீங்கள் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதே, அப்படியென்றால் அங்கே தமிழ் ஆட்சிமொழியா? 1998இல் எழுத்துகளின் வரிசை மாறிப்போனதற்காக அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள் என்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால், வெறும் டிசைன் விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவைதானா? ஒரு சின்ன வீடியோவுக்காகத் தகவல் சேகரிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால், உங்களை உறுத்துவது மூன்றாவது கேள்விதான் என்று தோன்றுகிறது. ஒரு தாளில் எழுத்து நிற்கும் இடத்துக்கும் ஒரு சமூகம் நாட்டில் நிற்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. உண்டு என்பது என் பதில். ஆனால் தமிழ்நாட்டு வாட்ஸாப் குழுக்களில் சொல்லப்படுகிற மாதிரியான தொடர்பு அல்ல.

நான் மொரீசியஸின் தலைநகர் போர்ட் லூயியில் இருப்பவன். பெயர்ப் பலகைகள், அழைப்பிதழ்கள், விழா மலர்கள், பாடநூல் அட்டைகள் என்று எழுத்தை வைத்து வடிவமைக்கும் தொழிலில் நீண்ட காலமாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி ஒரே பரப்பில் இரண்டு மூன்று மொழிகளைச் சேர்த்து வைக்கும் வேலை. நான் சட்டமோ வரலாறோ படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. அந்தத் துறைகளைத் தொடும் இடங்களில் எல்லோருக்கும் தெரிந்த, ஆவணத்தில் உள்ள விஷயங்களை மட்டும் சொல்கிறேன். எழுத்தும் அதன் இடமும் பற்றிய பகுதிக்கு நானே பொறுப்பு.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மொரீசியஸில் தமிழ் ஆட்சிமொழி அல்ல. சொல்லப்போனால், நாடு முழுமைக்கும் இதுதான் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு எதையுமே அறிவிக்கவில்லை. நாடாளுமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்ற அளவோடு அது நிறுத்திக்கொள்கிறது. பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம், வானொலி தொலைக்காட்சியில் தமிழ் நிகழ்ச்சிகள் உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. அரசு அலுவலகத்துக்குப் போய்த் தமிழில் மனு கொடுக்க முடியாது. நோட்டில் இருக்கும் தமிழ் ஒரு சமூகம் இங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம். நிர்வாகத்தில் அதற்கு வேலை இல்லை.

இரண்டாவது கேள்வி. ஆமாம், அது நடந்தது. 1998 நவம்பரில் பேங்க் ஆஃப் மொரீசியஸ் புதிய வரிசை நோட்டுகளை வெளியிட்டது. அதுவரை நோட்டில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதன்பின் தேவநாகரி, அதாவது இந்தி எழுதப்படும் எழுத்து, என்பதே வழக்கமாக இருந்தது. புதிய நோட்டில் தேவநாகரி தமிழுக்கு முன்னே வந்துவிட்டது. தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறுவது என்று முடிவானது. வங்கியின் ஆளுநரும் பதவியை விட்டுப் போக நேர்ந்தது. பழைய வரிசையை மீட்ட நோட்டுகள் 1999இல் வந்தன. பிறகு 2013இல் சில மதிப்புகளை பிளாஸ்டிக்குக்கு, அதாவது பாலிமருக்கு மாற்றினார்கள். தாள் மாறியது, வரிசை மாறவில்லை.

இவ்வளவும் உறுதி. 1998இல் அந்த வரிசையை மாற்றியவர்கள் என்ன நினைத்து மாற்றினார்கள் என்பது உறுதியானவற்றில் சேராது. வேண்டுமென்றே தமிழைக் கீழே தள்ளினார்கள் என்று சிலர் இன்றும் அடித்துச் சொல்வார்கள். கவனக்குறைவு என்று சிலர் சொல்வார்கள். முடிந்த ஒரு வடிவமைப்பைப் பார்த்து அதைச் செய்தவரின் மனதைப் படிக்க முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். பொது இடத்தில் வைக்கப்படும் ஒரு பொருளுக்கு, செய்தவரின் எண்ணம் பெரிய பாதுகாப்பும் அல்ல. பார்ப்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் 'வெறும் டிசைன்' என்ற சொல் இங்கேதான் தடுக்கி விழுகிறது. மூன்று வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் மேலே இருப்பது முதல், நடுவில் இருப்பது இரண்டாவது, கீழே இருப்பது கடைசி. யாரும் விளக்கத் தேவையில்லை, கண் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அளவும் கனமும் அப்புறம் வருகின்றன. தேவநாகரிச் சொல்லுக்கு மேலே ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. அந்தக் கோடு சொல்லை ஒரே பட்டையாகக் கட்டிவிடுவதால் சிறிய அளவிலும் அது கருமையாகத் தெரியும். தமிழ் எழுத்துகள் வளைந்தும் அகன்றும் தனித்தனியாக நிற்பவை. ஒரே எழுத்தளவில் இரண்டையும் வைத்தால் தமிழ் மெலிந்து தெரியும். இடமும் அதிகம் கேட்கும். இரண்டையும் சமமாகக் காட்ட வேண்டுமென்றால் அளவில் சமமாக வைக்கக் கூடாது. கண் பார்த்து ஒன்றைச் சற்றுக் கூட்டி, ஒன்றைச் சற்றுக் குறைக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் இந்த வேலையைச் செய்தால், அவர் நல்லவராகவே இருந்தாலும், அளவுகோலின்படி சரியாகவும் கண்ணுக்குத் தவறாகவும் வரும்.

ஆக, அடுக்கு என்று ஒன்று இருந்தால் அதில் மேல் கீழ் இருந்தே தீரும். அதிலிருந்து தப்பிக்க வழி இல்லையா என்றால், ஒரு வழி உண்டு: வரிசைக்கு ஒரு விதியை வெளிப்படையாகச் சொல்லி வைப்பது. உங்கள் பையில் இருக்கும் இந்திய நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் 15 மொழிகள் ஒரு பட்டியலாக இருக்கும். அசாமியில் தொடங்கி உருதுவில் முடியும், தமிழ் சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவில் இருக்கும். மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசைப்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் அந்தப் பட்டியலில் தமிழ் பதின்மூன்றாவதாக இருப்பதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தியும் ஆங்கிலமும் அந்தப் பட்டியலுக்கு வெளியே பெரிதாக இருப்பதுதான் அங்கே அதிகாரத்தின் கேள்வி. அது வேறு கதை, நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்தது.

மொரீசியஸில் அப்படி எழுதப்பட்ட விதி எதுவும் மக்கள் முன் இல்லை. இருந்தது வழக்கம். அந்த வழக்கத்துக்குத் தமிழர்கள் சொல்லிவந்த விளக்கம், வந்து சேர்ந்த முறை. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த மாஹே தெ லபூர்தொனே போர்ட் லூயியைக் கட்டி எழுப்பியபோது புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். கல் தச்சர், மரத் தச்சர், கொத்தர் என்று வந்தவர்களில் தமிழர் கணிசம். நகரின் கிழக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்றே பெயர் இருந்தது. வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் வந்தது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷ் காலத்தில், 1834இலிருந்து. எனவே தமிழ் முன்னே நிற்பது எண்ணிக்கையால் அல்ல, வந்த காலத்தால் என்பது வாதம். நல்ல வாதம். அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், அந்தக் கோபம் ஏன் அவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1968இல் விடுதலை வந்தபோது எழுதப்பட்ட அரசியலமைப்பு, நாடாளுமன்றத்தில் எட்டு கூடுதல் இடங்களைச் சமூகங்களுக்கு இடையே சமன் செய்யப் பயன்படுத்துகிறது. அதற்காக மக்களை நான்காகப் பிரிக்கிறது: இந்துச் சமூகம், முஸ்லிம் சமூகம், சீன மொரீசியச் சமூகம், இந்த மூன்றிலும் சேராத எல்லோரும் பொது மக்கள். தமிழர் என்று தனிப் பிரிவு கிடையாது. அந்தக் கணக்கில் தமிழர் இந்துச் சமூகத்துக்குள் கரைந்துவிடுகிறார்கள். கணக்கு பார்ப்பதும் இன்றுவரை 1972 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான், ஏனென்றால் அதற்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் சமூகத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். சட்டத்தில் தனியாகப் பெயர் இல்லாத ஒரு சமூகத்துக்கு, அரசு அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் ஒரு தாளில் தனியாக ஒரு வரி இருந்தது. அரசின் ஆவணங்களில் 'இவர்கள் வேறு' என்று கண்ணால் பார்க்கக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. அந்த வரியை இறக்கியபோது, அது ஒரு வரியை இறக்கியதாகப் படவில்லை. கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல், இந்தத் தீவிலேயே பிறந்த பேச்சுமொழி. பலருக்கு அந்த வரியை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். அப்படியும் அது அவர்களுடையது. நான் அந்தக் கோபத்தை நியாயமென்றே நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வரிசையைப் பற்றிய சத்தத்தில் அந்த நோட்டுகளின் இன்னொரு பக்கத்தை யாரும் அதிகம் பேசவில்லை. முகங்களைச் சொல்கிறேன். 25 ரூபாயில் மொய்லின் ஜான் ஆ-சுயென், 50இல் மொரீஸ் பத்தூரோ, 100இல் ரெங்கநாதன் சீனிவாசன், 200இல் அப்துல் ரசாக் முகமது, 500இல் சுக்தேவ் பிசுன்தயால், 1000இல் கெய்தான் துவால், 2000இல் சிவசாகர் ராம்கூலம். இந்த ஊர்க்காரர் யாரிடமாவது இந்த ஏழு பெயர்களைச் சொல்லுங்கள், ஒரு மூச்சில் பதில் வரும்: சீனர், பிரெஞ்சு வழி வெள்ளையர், தமிழர், முஸ்லிம், இந்து, கிரியோல் (ஆப்பிரிக்க, மடகாஸ்கர் வழி வந்த கலப்பினத்தவர்), மீண்டும் இந்து. எல்லோரும் அரசியலிலும் பொது வாழ்விலும் உழைத்தவர்கள், தகுதி பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஒரு சமூகத்தின் சார்பாக அங்கே அமர்ந்திருப்பதாகவே மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஏழு முகங்கள் நம் ஊர் அரசியலைப் படமாகக் காட்டுகின்றன. அதில் ஒரு பெண்கூட இல்லை. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர், கல் உடைத்தவர், மீன் பிடித்தவர் என்று யாரும் இல்லை.

அப்படியும், அது முந்தைய நிலையைவிட மேல் என்பதையும் சொல்ல வேண்டும். 1980களில் வந்த வரிசையில் 500 ரூபாய் நோட்டில் அப்போது பிரதமராக இருந்த அனிரூத் ஜக்நாத்தின் படம் இருந்தது. 20 ரூபாயில் அவர் மனைவியின் படம் இருந்தது. பதவியில் இருப்பவர் தன் படத்தையும் தன் வீட்டார் படத்தையும் நாட்டின் பணத்தில் போட்டுக்கொள்வது, எந்த நாட்டில் நடந்தாலும், வடிவமைப்பை அதிகாரம் நேரடியாகக் கையில் எடுத்துக்கொள்வதுதான். 1998 வரிசையில் இருக்கும் ஏழு பேரும் காலமானவர்கள். அந்த ஒரு விதி சரியான விதி. நாணயங்களில் 1987இலிருந்து ராம்கூலத்தின் முகம் ஒன்றுதான். அதற்கு முன் அங்கே எலிசபெத் அரசி இருந்தார். அரசியின் தலை இருந்த அதே வட்டத்தில், அதே அளவில், விடுதலைக்குத் தலைமை தாங்கியவரின் தலை. ஆட்சி மாறினாலும் நாணயத்தின் அமைப்பு மாறாமலே இருந்தது என்பது எனக்கு எப்போதும் யோசிக்க வைக்கும் விஷயம்.

சரி, அந்த ஓட்டை. வந்து சேர்ந்த முறைப்படிதான் வரிசை என்றால், தமிழருக்கு முன்பே இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்திலேயே மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்தார்கள். அவர்களோடு இந்தியாவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களும் உண்டு. நம்மவர்கள் எல்லோரும் சுதந்திரமான கைவினைஞர்களாகவே வந்தார்கள் என்ற கதை பாதிக் கதை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலிகளாக வந்த தமிழர்களும் ஏராளம். அடிமைகளாக வந்தவர்களின் வாயில் பிறந்து வளர்ந்த மொழி கிரியோல். 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 விழுக்காட்டு மக்கள் வீட்டில் பேசுவது அதைத்தான், தமிழர்கள் உட்பட. 2012இலிருந்து தொடக்கப் பள்ளிகளில் பாடமாகவும் இருக்கிறது. ரூபாய் நோட்டில் அது ஒரு சொல்லாகக்கூட இல்லை. தமிழுக்கு இடம் கேட்ட அதே வாயால் கிரியோலுக்கும் இடம் கேட்காவிட்டால் நம் வாதம் நிற்காது. இதை இங்குள்ள தமிழ் நண்பர்களிடம் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. பரவாயில்லை.

இடத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை நோட்டைவிடத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் போர்ட் லூயி துறைமுகத்துக்கு வந்து இறங்குங்கள். அர்ம் சதுக்கத்தில் கடலைப் பார்த்தபடி லபூர்தொனே சிலை நிற்கும். 1859இல் வைத்தது, செய்தவர் இங்கே பிறந்த சிற்பி ப்ரோஸ்பெர் தெப்பினே. அங்கிருந்து அரசு மாளிகையை நோக்கி நடந்தால் விக்டோரியா அரசி. நகரைக் கட்டச் சொன்னவர் சிலையாக இருக்கிறார், கட்டியவர்கள் கருங்கல் சுவர்களில் மட்டும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே கம்பெனித் தோட்டத்தில் அட்ரியன் தெப்பினே என்ற வழக்கறிஞரின் சிலை இருக்கிறது. 1835இல் அடிமை முறை ஒழிந்தபோது, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு 20 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. அதற்காக லண்டன் வரை போய் வாதாடியவர் அவர். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்தச் சிலையைச் செய்தவர் அதே ப்ரோஸ்பெர், அவருடைய மகன். யாருக்குச் சிலை என்பதோடு, யார் செய்தார், யார் பணம், யார் இடம் கொடுத்தார் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் ஒரு கல் எவ்வளவு பேசும் பாருங்கள்.

பக்கத்துத் தீவான ரெயூனியனில், அதன் தலைநகர் சேன் தெனியில் இருந்த இன்னொரு லபூர்தொனே சிலையை 2023இல் அது நின்ற சதுக்கத்திலிருந்து அகற்றி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அவர் அடிமைகளை வைத்திருந்ததும், தப்பியோடிய அடிமைகளை வேட்டையாட ஏற்பாடு செய்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. எதிர்ப்பும் வந்தது, வழக்கும் வந்தது. என்னைக் கேட்டால், சிலையை உடைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. இடம் மாற்றுவதும், பக்கத்தில் உண்மையை எழுதி வைப்பதும் வடிவமைப்பால் செய்யக்கூடிய நேர்மையான வேலைகள். இது என் கருத்து மட்டுமே. இதில் தொழில் அறிவைவிட மனச்சாய்வு அதிகம்.

எல்லாவற்றையும் அதிகாரத்தோடு முடிச்சுப் போட்டுவிடலாம் என்ற ஆசைக்கும் எல்லை வேண்டும். நம் தேசியக் கொடி நல்ல உதாரணம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு சமமான பட்டைகள். விடுதலைப் போராட்டம், இந்தியப் பெருங்கடல், விடுதலையின் ஒளி, வேளாண்மை என்பது அரசு தரும் விளக்கம். தெருவில் கேட்டால் ஒவ்வொரு நிறத்தையும் ஒரு கட்சிக்கோ சமூகத்துக்கோ கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதை ஆவணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மக்கள் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது மட்டுமே அதில் உண்மை. ஆனால் நான்கு பட்டையும் ஒரே அகலம் என்பது பார்த்தாலே தெரிகிற உண்மை. அதிலும் சிவப்பு மேலே, பச்சை கீழே. அதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. ஒரு நிறம் யாருடையது என்று எழுதி வைக்காததால் எல்லோரும் அதைத் தங்களுடையதாக வைத்துக்கொள்ள முடிகிறது. எழுத்துக்கு அந்த வசதி இல்லை.

அரசு தரும் இடம் ஒன்று, மக்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் இடம் இன்னொன்று. போர்ட் லூயியில் கைலாசன் என்று எல்லோரும் சொல்லும் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனால் இரண்டாவது வகையைப் பார்க்கலாம். அங்கே எந்தக் குழுவிடமும் வரிசை கேட்க வேண்டியதில்லை. கோபுரத்தில் யார் மேலே, யார் கீழே என்பதற்கு நம்முடைய மரபே பதில் வைத்திருக்கிறது. அதேபோல் காவடி நாளில் தெருவே நம்முடையதாகிவிடுகிறது. நோட்டில் உள்ள ஒரு வரியைவிட இது பெரிய இருப்பு என்று நான் நினைக்கிறேன். ஆனால் இதைப் பார்க்க இங்கே வர வேண்டும். நோட்டு எல்லோர் கைக்கும் தானாகப் போகிறது.

என் தொழிலில் என்னை அதிகம் வருத்துவது, எழுத்துக்கு இடம் கிடைத்த பிறகு நடப்பதுதான். தமிழை மதித்துப் பலகையில் போடுகிறார்கள், ஆனால் கணினியில் எழுத்து உடைந்து, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளிகள் தனியே மிதந்து நிற்கின்றன. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கைதட்டுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் அச்சுக்கு முன் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகியிருக்கும். இடம் கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் எழுத்தைக் கைவிடுவது, என்னைப் பொறுத்தவரை, இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்கு இறக்குவதைவிடப் பெரிய அவமதிப்பு. நோட்டுக்கும் இதே வழிதான்: அச்சுக்குப் போகுமுன் மாதிரியை மக்கள் முன் வைப்பது, வரிசை எந்த விதிப்படி என்று ஒரு வரியில் எழுதிவிடுவது, ஒவ்வொரு எழுத்தையும் அந்த எழுத்தில் வாழ்பவர் ஒருவர் பார்த்து ஒப்புவது. 1998இல் இந்த மூன்றில் முதலாவது நடந்திருந்தாலே நோட்டுகளைத் திரும்பப் பெறும் நிலை வந்திருக்காது.

உங்கள் வீடியோவுக்கு வருகிறேன். 'மொரீசியஸில் தமிழ் ஆட்சிமொழி' என்று தலைப்புப் போடாதீர்கள், அது தவறு. 'உலகிலேயே இந்தியாவுக்கு வெளியே தமிழ் உள்ள ஒரே பணம்' என்றும் போடாதீர்கள், இலங்கை நோட்டிலும் சிங்கப்பூர் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. 1998இல் வரிசை மாறியது, தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, 1999இல் பழைய வரிசை மீண்டது என்று சொல்லுங்கள். 100 ரூபாயில் இருக்கும் ரெங்கநாதன் சீனிவாசன் 1958இல் காலமான வழக்கறிஞர், தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் என்று இரண்டு வரி சேருங்கள், தமிழ்நாட்டில் அவரை யாரும் பேசுவதில்லை. நோட்டைக் கேமராவில் காட்டும்போது மூன்று மொழிகளையும் காட்டிவிட்டு, இந்த நாட்டில் எல்லோரும் பேசும் நான்காவது மொழி இதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். கிரியோலில் 'நூறு ரூபாய்' என்று சொல்ல ஒரு குரல் வேண்டுமென்றால் எழுதுங்கள், பதிவு செய்து அனுப்புகிறேன்.